கிரிம்லியின் இடது முழங்கால்

“கணவன், மனைவி இருவரும் பராமரிப்பு இல்லத்தில் வாழத் தகுதி பெற்றிருந்தால், அவர்களை இயன்றவரை ஒரே இல்லத்தில் சேர்த்து வைத்தல் வேண்டும்.”

நான் வேலை பார்த்த முதியோர் இட ஒதுக்கீட்டுப் பிரிவின் கைநூலில், ஏழாம் அத்தியாயத்தின் முதற் பக்கத்தில் இந்த விதி இருந்தது. அதற்கு நேர் மேலே தீயணைப்புக் கருவிகளைச் சரிபார்ப்பது பற்றிய விதி. தீயணைப்புக் கருவிகள் ஆண்டுதோறும் தவறாமல் சரிபார்க்கப்பட்டன.

சென்ற மாதம் சுபத்திரா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்றபின் என் கதிரையில் அமர்ந்திருக்கும் பிள்ளை. இங்கே கனடாவிலேயே படித்து வளர்ந்தவர். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் இருந்த ஒரு தமிழ்த் தம்பதியின் கோப்பு அவர் மேசையில் கிடந்தது. ஐயா ஓர் இல்லத்தில், அம்மா வேறோர் இல்லத்தில்.

“அங்கிள், ஒரே ஹோமிலை போடலாம் எண்டு ரூல் இருக்குத்தானே? கம்பியூட்டர் மட்ச் பண்ணுதேயில்லை. ஐ டோன்ட் நோ வட் டூ டூ.”

“இருக்கு பிள்ளை. ஏழாம் அத்தியாயம்.”

“இப்ப அத்தியாயம் ஒண்டும் இல்லை, அங்கிள். எல்லாம் ஸ்கிரீன்தான். பழைய ஆக்கள் கிரிம்லி கேஸ், கிரிம்லி கேஸ் எண்டு கதைக்கினம். அதிலை நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

செய்ததை எழுதி அனுப்புகிறேன் என்றேன். கிரிம்லியும் அவர் மனைவியும் இப்போது உயிருடன் இல்லை. பிள்ளைகள் இல்லாதவர்கள், ஆட்சேபிக்க ஒருவருமில்லை. சுபத்திராவுக்குப் பயன்படக்கூடிய எதுவும் இதில் இருக்குமென்று நான் நம்பவில்லை. எல்லாவற்றையும் விதிப்படி செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், நான் பிரதம இலிகிதராக இருந்தவன். வெள்ளைக்காரர் விட்டுப்போன நிர்வாக விதிக்கோவையை மனப்பாடம் செய்த கடைசித் தலைமுறை. எண்பத்து நான்கில் ரொறன்ரோ வந்து, விமான நிலையத்துக்கு அருகே ஒரு சமையற்கூடத்தில் தட்டுக் கழுவி, மாலை வகுப்பில் சமூகசேவைச் சான்றிதழ் ஒன்று எடுத்து, இந்தப் பிரிவில் தற்காலிக உதவியாளனாக நுழைந்தேன். நேர்முகத்தில் கனடிய அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். ஒரு கோப்பு மேசைக்கு மேசை எவ்வளவு மெதுவாக நகர முடியும் என்பதில் எல்லா நாட்டு அனுபவமும் ஒன்றுதான் என்பது உள்ளே போனபிறகு தெரிந்தது.

தனித்து வாழ முடியாமற் போன முதியவர் எந்த இல்லத்தில், எந்தக் கட்டிலில் போய்ச் சேருவது என்று தீர்மானிப்பது எங்கள் வேலை. முதலில் மதிப்பீடு. தாதி ஒருவர் மட்டையில் செருகிய படிவத்துடன் வருவார். கதிரையிலிருந்து எழும்பச் சொல்லுவார். நடைகூடத்தின் முடிவுவரை போய்த் திரும்பி வரச் சொல்லுவார். சட்டைப் பொத்தானைப் பூட்டச் சொல்லுவார். கட்டிலில் ஏறி இறங்கச் சொல்லுவார். மற்றப் பரீட்சைகளுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: நன்றாகச் செய்பவர் தோற்றுப்போவார். நடக்கக்கூடியவர் ‘இலகு பராமரிப்பு’. நடக்க முடியாதவரும் நினைவு தப்பியவரும் ‘முழுப் பராமரிப்பு’. இரண்டுக்கும் வெவ்வேறு கட்டடங்கள், வெவ்வேறு வரிசைகள். நடக்கக்கூடிய ஒருவருக்கு முழுப் பராமரிப்புக் கட்டிலைக் கொடுத்தால் அது இன்னொரு படுத்த படுக்கைக்காரரின் கட்டிலைப் பறிப்பதாகும். நியாயம்தான். எங்கள் விதிகள் ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும்.

எங்கள் பிரிவுத் தலைவர் மிஸ்டர் கார்மைக்கலைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் கண்ட மேலதிகாரிகளில் மிக மரியாதையானவர் அவர். அறைக்குள் யார் வந்தாலும் எழுந்து நிற்பார். குப்பைக்கூடையை எடுக்க வருபவருக்கும் எழுந்து நிற்பார். சொல்வதை இடைமறிக்காமல் கேட்பார். பிறகு மேசையில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, சின்னக் கத்தியால் பென்சிலைச் சீவத் தொடங்குவார். சீவி முடியும்வரை பேச்சில்லை. முடிந்ததும் சீவல்களை அந்தத் தாளிலேயே மடித்துக் கூடையில் போட்டுவிட்டு, கோப்பின் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று போடுவார். “இதை என்னிடம் விட்டு வையுங்கள், நேதன்” என்பார். சபாநாதன் என்ற என் பெயரின் முற்பாதியை அலுவலகம் தன் வசதிக்காக விட்டுவிட்டிருந்தது.

அவர் மேசையில் பேனாவை நான் கண்டதில்லை. ‘இல்லை’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதாக எவருக்கும் ஞாபகமில்லை. கச்சேரியில் என் பழைய மேலதிகாரி கோப்பைத் தூக்கி முகத்தில் எறிவார். ஆனால் எறிந்த கோப்பு கைக்கு வந்துவிடும். வேறு வழி பார்க்கலாம். கார்மைக்கலிடம் விட்டு வைத்தவை அப்படித் திரும்புவதில்லை.

வில்பிரட் கிரிம்லியின் கோப்பு 1994 இலையுதிர் காலத்தில் என்னிடம் வந்தது. தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த ஆங்கிலேயர். உலகப்போர் முடிந்த சில வருடங்களில் மனைவி டொரிஸுடன் கனடாவுக்கு வந்து, பாடசாலை ஒன்றின் காவலாளியாக வேலை பார்த்து, ஸ்காபரோவில் ஒரு வாடகை வீட்டிலேயே காலத்தைக் கழித்தவர். டொரிஸுக்கு நினைவு மங்கத் தொடங்கியது. ஒரு ஜனவரிக் காலையில் இரவுச் சட்டையுடன் பனிக்குள் இறங்கி, தெருவில் போனவர்களிடம் ரயில் நிலையத்துக்கு வழி கேட்டிருக்கிறார். கணவன் வெளியூர் ஆட்டம் முடிந்து வருகிறானாம், எதிர்கொள்ளப் போகவேண்டுமாம். பொலிஸ் பிடித்து ஆஸ்பத்திரியில் விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலை அதிக நாள் பிடித்து வைத்திருக்க முடியாது. முதலில் வெறுமையாகும் இடத்துக்குப் போயாகவேண்டும் என்பது இன்னொரு நியாயமான விதி. முதலில் வெறுமையானது ரொறன்ரோவுக்கு மேற்கே, அடுத்த நகரமான மிசிசாகாவில். பூட்டிய கதவுள்ள முழுப் பராமரிப்பு இல்லம். தனித்துப்போன கிரிம்லியை மதிப்பிட்டு, ரொறன்ரோவின் கிழக்குக் கோடியில் ரூஜ் பக்கம் இருந்த இலகு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். அந்த இல்லத்தில் பூட்டிய கதவு இல்லை. ஆகவே டொரிஸை அங்கே கொண்டுவர முடியாது. கிரிம்லி நடக்கிறார், ஆகவே அவரை மிசிசாகாவுக்கு அனுப்ப முடியாது.

நான் முதன்முதல் போனபோது அவர் வரவேற்பறையில் சப்பாத்தை மினுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன, மிஸ்டர் நேதன், என்னைத் தெரிவு செய்ய வந்தனீரோ?”

அவர் பேசியது இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு நூலாலை ஊரின் ஆங்கிலம். அதைப் புத்தகத் தமிழில் எழுதினால் அவர் வேறு மனிதராகிவிடுவார். எங்கள் பேச்சில் எழுதினால் ஓரளவு அந்தச் சாயல் வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

“கப்டன் இண்டைக்கு நல்ல மூட்டிலை இருக்கிறார், அண்ணை” என்றார் இராசமலர். அங்கே பராமரிப்பு உதவியாளர். மல்வேர்னிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்.

“நான் ஒருநாளும் கப்டனா இருந்ததில்லை, மலர். நான் பன்னிரண்டாவது ஆள்.”

அப்போதுதான் அவர் உதைபந்தாட்டக்காரர் என்பது எனக்குத் தெரியவந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், இரண்டாம் டிவிசன் கழகம் ஒன்றில் இடதுபக்க முன்கள ஆட்டக்காரர். முதல் அணிக்கு ஆடிய ஆட்டங்களைக் கைவிரல்களோடு கால்விரல்களையும் சேர்த்தால் எண்ணி முடித்துவிடலாம் என்று அவரே சொன்னார். எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை. அதைப்பற்றிய கவலையும் அவருக்கு இல்லை.

“அந்த நாளிலை மாற்று ஆள் எண்டு ஒண்டும் கிடையாது. பதினொரு பேர். ஒருத்தன்ரை கால் முறிஞ்சா மிச்சம் பத்துப் பேர். அப்ப பன்னிரண்டாவது ஆளை ஏன் ரயிலிலை ஏத்திக்கொண்டு போறாங்கள்? காலமை ஆருக்கும் வயித்தாலை போனா எண்டுதான். ஒரு வருசம் முழுக்க மற்றவையின்ரை வயித்தை நம்பித்தான் சீவிச்சன்.”

“ஒருத்தருக்கும் போகேல்லையோ?” என்றார் மலர்.

“ஒருத்தருக்கும் போகேல்லை. இரும்பு வயிறு, நாசமாப் போவாருக்கு.”

அவருடைய தொழில் வாழ்க்கையில் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது முழங்காலைப் பற்றித்தான். என் கோப்புக்கு அது அவசியம். வெள்ளிக்கிழமை பின்னேரம் மறுநாள் அணியின் பெயர்கள் பலகையில் ஒட்டப்படும். அதற்கு முன் பயிற்சியாளர் ஒவ்வொருவரையும் உடைமாற்றும் அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடக்கச் சொல்லுவார். அவர் காலைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்ப்பார். நோவுள்ளவன் பல்லைக் கடிப்பான். பல்லைக் கடித்தவன் பெயர் பலகையில் ஏறாது. ஒருமுறை இறங்கிய பெயர் திரும்ப ஏறுவதும் அருமை. வெளியே ஊரிலுள்ள பாதி வாலிபர்கள் அந்த இடத்துக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே இடது முழங்காலின் குருத்தெலும்பு கிழிந்தபோது கிரிம்லி விசிலடிக்கப் பழகிக்கொண்டார்.

“விசிலடிக்கிற வாயாலை பல்லைக் கடிக்க ஏலாது. செய்து பாரும்.”

செய்து பார்த்தேன். உண்மை.

அந்தக் காலோடு ஈஸ்டர்வரை ஆடியிருக்கிறார். கண்டுபிடித்தது ஓர் ஆள் மட்டும். மைதானத்துக்குப் போகும் வழியில் பாண் சுடும் ஒரு பேக்கரிக் கடை. அங்கே வேலை செய்த பெண் ஒருநாள் கடைவாசலில் நின்று, “நீ விசிலடிச்சுக்கொண்டு போற நாளிலை உனக்கு நோகுது, என்ன?” என்று கேட்டாளாம். அதுதான் டொரிஸ்.

“வேற என்ன செய்யிறது? கலியாணம் கட்டினன். வெளியிலை விட்டா ஊரெல்லாம் சொல்லிப்போடுவாள்.”

அடுத்த கோடையில் கழகம் அவருக்குக் குறைந்த சம்பளத்தை நீட்டியது. அவர் கையெழுத்திட மறுத்தார். அக்கால விதிப்படி கழகம் அவரைத் தன்னிடமே பிடித்து வைத்திருக்கலாம். சம்பளம் கொடுக்கவேண்டியதில்லை, ஆடவிடவும் வேண்டியதில்லை, ஆனால் லீக்கில் வேறெந்த அணிக்கும் அவர் போக முடியாது. எரிவாயு ஆலையில் நிலக்கரி அள்ளிக்கொண்டே விடுதலை கேட்டுப் பல தடவை அலைந்திருக்கிறார்.

“செக்கிரட்டரி நல்ல மனுசன். எப்ப போனாலும் தேத்தண்ணி தருவார். ‘மேலிடத்திலை சொல்லுறன், வில்ப். யோசியாதை’ எண்டுவார்.”

கார்மைக்கலைப் பற்றி நான் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

“கடைசியிலை விட்டவையோ?” என்று கேட்டேன்.

“விட்டவை, விட்டவை. அப்ப எனக்குப் படியேற ஏலாது.”

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மிசிசாகாவில் டொரிஸ் மற்ற நாட்களில் அமைதியாக இருப்பார். சனிக்கிழமை பின்னேரமானால் கோட்டை மாட்டிக்கொண்டு, அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து நிற்பார். ஆட்டம் முடிந்து வில்ப் வருவான் என்று இருட்டும்வரை நிற்பார். சாப்பிடக் கூப்பிட்டாலும் போகமாட்டார். அங்குள்ள தாதி தொலைபேசியில் இதைக் கிரிம்லியிடம் சொல்லியிருக்கிறார்; நல்லெண்ணத்தில்தான்.

“சனிக்கிழமையிலை நான் அந்தக் கதவுக்கு உள்ளுக்கை நிக்கவேணும், நேதன். அவள் இருக்கிற மட்டும். வேற ஒண்டும் வேண்டாம்.”

ரூஜிலிருந்து மிசிசாகாவுக்குப் பொது வாகனத்தில் போவதென்றால் பஸ், சுரங்க ரயில், பிறகு அடுத்த நகரத்தின் பஸ். திடகாத்திரமானவனுக்கே பாதி நாள் போய்விடும். நடக்கமுடியாதவர்களை ஏற்றும் சிறிய பஸ் நகர எல்லையோடு நின்றுவிடும். அதில் ஏறவும் நடக்கமுடியாதவர் என்று எழுதப்பட்டிருக்கவேண்டும். அவர் நடக்கக்கூடியவர் என்றல்லவா எழுதியிருந்தது.

ஏழாம் அத்தியாயத்தை நம்பி இறங்குவதைவிட இலகுவான வழி ஒன்று இருந்தது: மறு மதிப்பீடு. அந்த முழங்கால் உண்மையிலேயே மோசமாகியிருந்தது. ஆட்கள் இல்லாத நேரத்தில் சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். குளியலறையில் மலர்தான் தூக்கி நிறுத்துவார். பொய் எதுவும் சொல்லவேண்டியதில்லை. காலை உள்ளபடி காட்டினால் முழுப் பராமரிப்பு. டொரிஸின் இல்லத்து வரிசையில் பெயர் ஏறிவிடும். இதை நான் அவருக்குப் பலமுறை விளங்கப்படுத்தினேன். ஓம், ஓம் என்று தலையாட்டினார்.

மதிப்பீட்டின்போது நாங்கள் உடனிருக்கக்கூடாது. அன்று மத்தியானம் மலர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அண்ணை, உந்த மனுசனுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“எத்தனை தரம் சொன்னனான்! ஏன்?”

“விசிலடிச்சுக்கொண்டு நடந்தது. போகேக்கையும் விசில், வரேக்கையும் விசில். அந்த நேர்ஸ் பிள்ளை கைதட்டாத குறை.”

“கதிரையாலை எழும்பேக்கை?”

“கையூண்டாமல் எழும்பினவர். பிறகு அந்தப் பிள்ளைக்குக் கதவையும் திறந்து விட்டவர். அவ காரிலை ஏறினாப்பிறகு அப்பிடியே சுவரோடை சரிஞ்சு போனார். நான்தான் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு ஐஸ் வைச்சனான். உவர் செத்துக் கிடக்கேக்கையும் நோகேல்லை எண்டுதான் சொல்லுவார்.”

அறிக்கை வந்தது. ‘சுறுசுறுப்பானவர். நடை உறுதியானது. மகிழ்ச்சியான சுபாவம், நடக்கும்போது விசிலடிக்கிறார்.’ இலகு பராமரிப்பு.

நான் போய்ச் சண்டைபிடித்தேன். என் வேலைக்காலத்தில் ஒரு விண்ணப்பதாரரிடம் குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான்.

“என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்? டொரிஸிட்டைப் போறதுக்குத்தானே இவ்வளவும்?”

அவர் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியும், நேதன். விடிய எழும்பினதிலயிருந்து நொண்டவேணும், நொண்டவேணும் எண்டு சொல்லிக்கொண்டுதான் இருந்தனான். அந்தப் பிள்ளை மட்டையோடை வந்து நிண்டு, ‘ஒருக்கா நடந்து காட்டுங்கோ’ எண்டா. அவ்வளவுதான். கால் தன்ரை பாட்டிலை போயிட்டுது.” கயிற்றை இழுத்து முடிந்துகொண்டு, “நொண்டினா வெளியிலை விட்டிடுவாங்கள். எனக்கு அது ஒண்டுதான் தெரியும்” என்றார்.

உடல்நிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்கு மறு மதிப்பீடு கேட்கமுடியாது. அவர் சுவரோடு சரிந்ததை மலர் எழுதித் தந்தார், இணைத்து அனுப்பினேன். பராமரிப்பு உதவியாளரின் அவதானிப்பு மதிப்பீடு ஆகாது என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. நாள்தோறும் அவரைக் குளிப்பாட்டுகிறவருக்கு அவர் காலைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அதிகாரமில்லை. தகுதி விதிகளின் இணைப்பில் அப்படித்தான் இருக்கிறது. சரிபார்த்தேன்.

எஞ்சியது ஏழாம் அத்தியாயம். 1995 வசந்தத்தில் அந்த விதியின் கீழ் விசேட விண்ணப்பம் ஒன்றைத் தயாரித்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஆகச் சிறந்த குறிப்பு அது என்று இப்போதும் நினைக்கிறேன். தகுதி மட்டங்கள் வேறுபட்டாலும் இருவரும் ‘பராமரிப்பு இல்லத்தில் வாழத் தகுதி பெற்றவர்கள்’ என்பதே விதியின் வாசகம். மட்டம் ஒன்றாயிருக்கவேண்டும் என்று அது கேட்கவில்லை. கார்மைக்கல் எழுந்து நின்று வரவேற்றார். முழுவதையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அருமையாக எழுதியிருக்கிறீர்கள், நேதன். மறுப்பதற்கு ஒன்றுமே இல்லை.”

வெள்ளைத்தாளை விரித்தார். பென்சிலைச் சீவினார். நான் நின்றுகொண்டிருந்தேன். ஓரத்தில் கோடு விழுந்தது.

“இதை என்னிடம் விட்டு வையுங்கள்.”

விசேட விண்ணப்பங்களைத் தீர்மானிக்க ஒரு குழு இருந்தது. அதில் ஒருவர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். அவருடைய இடம் நிரப்பப்படும்வரை குழு கூடமுடியாது. இடத்தை நிரப்பும் அதிகாரம் அந்தக் குழுவுக்கே இருந்தது. நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கார்மைக்கலின் அறைக்குப் போனேன். அவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எழுந்து நின்றார்.

கோடை போயிற்று. ஒரு சனிக்கிழமை நான் கிரிம்லியை மிசிசாகாவுக்குக் கூட்டிப்போனேன். விண்ணப்பதாரரை உத்தியோகத்தர் தன் காரில் ஏற்றக்கூடாது என்பது விதி. ஆனால் லீவில் நிற்கும் இராசமலர் தனக்குத் தெரிந்த ஓர் அண்ணையின் காரில் மிசிசாகாவுக்குச் சாமான் வாங்கப் போகலாம். வழியில் தனக்குத் தெரிந்த ஒரு கிழவரையும் ஏற்றிக்கொள்ளலாம். அதைத் தடுக்கும் விதி இல்லை, தேடிப் பார்த்தேன்.

நாங்கள் போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. கதவில் இருந்த சின்னக் கண்ணாடியில் டொரிஸின் முகம் தெரிந்தது. கோட்டின் பொத்தான்கள் கழுத்துவரை பூட்டியிருந்தன. தாதி கதவைத் திறந்தார். கிரிம்லி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, விசிலடித்தபடி நடைகூடத்தில் நேராக நடந்து போனார்.

“பிந்திப்போனாய்” என்றார் டொரிஸ்.

“ரயில் சுணங்கிப்போச்சு.”

“வெண்டனீங்களோ?”

“ஒண்டுக்கு ஒண்டு.”

“கோல் அடிச்சது ஆர்?”

“நானில்லை.”

“நீயில்லை எண்டு தெரியும். ஆரெண்டு கேட்டன்.”

மலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டொரிஸ் சிரிக்கவில்லை. கணவனை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்த விசிலை நிப்பாட்டிப்போட்டு நட பாப்பம்.”

கிரிம்லி விசிலை நிறுத்தினார். இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியில் முகம் கோணிற்று.

“இடதுகால். எனக்குத் தெரியும். அவங்களுக்கு ஒளிச்சது போதும், எனக்கு ஒளிக்காதை. வந்து இரு.”

என் கண்முன்னால் நடந்த ஒரே சரியான மதிப்பீடு அதுதான். நடக்கவைத்தார், முகத்தைப் பார்த்தார், முடிவைச் சொன்னார். அந்த மதிப்பீட்டாளருக்கு அன்றைய கிழமையைத் தவிர வேறெதுவும் தெரியாது. எந்த வருடம், எந்த நாடு என்று தெரியாது. அவருடைய கையெழுத்து எங்கும் செல்லாது.

டொரிஸின் அறை இரண்டாம் மாடியில், நடைகூடத்தின் கடைசி. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடமும் ஒற்றை மேப்பிள் மரமும். கதவுக்குப் பக்கத்தில் உடுப்புக் கொழுவும் கொக்கி ஒன்று. டொரிஸ் கணவனின் தொப்பியைக் கழற்றி அந்தக் கொக்கியில் மாட்டினார். பிறகு தன் கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது என்பதுபோல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டதும் எழுந்து போனார். சனிக்கிழமையில் அவர் நேரத்துக்குச் சாப்பிட்டது அன்றுதான் என்று தாதி சொன்னார்.

திரும்பும்போது தொப்பியை எடுக்கக் கை நீட்டிய மலரைக் கிரிம்லி தடுத்தார்.

“கிடக்கட்டும். எடுத்தா நான் போயிட்டன் எண்டு தெரிஞ்சுபோடும்.”

காரில் வரும்போது மலர் பின்னாலிருந்து, “அண்ணை, கிழமைக்கு ஒருக்கா இப்பிடிக் கூட்டிக்கொண்டு வந்தா என்ன?” என்றார். கூட்டிவர நினைத்தோம். ஆனால் நாங்கள் சாமான் வாங்கப் போன கதை அலுவலகத்துக்குப் போய்விட்டது. கார்மைக்கல் என்னைக் கூப்பிட்டு, எழுந்து நின்று, வாகன விதியின் பிரதி ஒன்றை மிகுந்த சங்கடத்துடன் என்னிடம் தந்தார். கோபிக்கவில்லை. விண்ணப்பம் நல்ல நிலையில் இருக்கும்போது இப்படியான சிறு விஷயங்கள் அதைக் கெடுத்துவிடக்கூடாது என்றார். விண்ணப்பம் கெட்டுவிடுமோ என்று பயந்து நானும் நிறுத்தினேன். மலரின் லீவுச் சனிக்கிழமைகளும் வேறு நாட்களுக்கு மாற்றப்பட்டன.

1996 பெப்ரவரியில் மிசிசாகா இல்லத்தில் சளிக்காய்ச்சல் பரவியது. வெளியார் வரக்கூடாதென்று கதவில் எழுதி ஒட்டினார்கள். அந்த மாத முடிவில், ஒரு வியாழக்கிழமை, டொரிஸ் இறந்தார். நியூமோனியா. சனிக்கிழமை பின்னேரமும் அல்ல, கதவுக்குப் பக்கத்திலும் அல்ல. கட்டிலில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்.

செய்தி கிடைத்ததும் நான் ரூஜுக்குப் போனேன். கட்டடத்துக்குள் நுழையும்போதே விசில் கேட்டது. கிரிம்லி நடைகூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துகொண்டிருந்தார். முதுகு நேர். நடை உறுதி. முனையில் வலதுகாலை ஊன்றித் திரும்பினார். என்னைக் கடந்து போனார். என்னைக் காணவில்லை.

மலர் சுவரோரம் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நின்றார்.

“சொன்ன நேரத்திலயிருந்து நிப்பாட்டேல்லை, அண்ணை. பிடிச்சு இருத்தினா எழும்பிப் போறார். என்னாலை கேக்க ஏலாமல் கிடக்கு.”

அடக்கத்துக்கு நாங்கள் மூவரும் ஒரு பாதிரியாரும். பனி இறுகிக் கிடந்தது. டொரிஸின் சாமான்களை இல்லம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தது. கோட் இருந்தது. கிரிம்லி பைக்குள் நெடுநேரம் கையை விட்டுத் தேடினார்.

“தொப்பி அங்கை கிடக்குப்போலை” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை நான் கார்மைக்கலின் அறைக்குப் போகவில்லை. போவதற்குக் காரணம் இருக்கவில்லை. அவர்தான் என் மேசைக்கு வந்தார்; அத்தனை வருடங்களில் முதல் தடவையாக. பழக்கதோஷத்தால் நான் எழுந்து நின்றேன். இருவரும் நின்றுகொண்டிருந்தோம். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை; மரணத்தை அறிவிக்கும் கடிதம் வேறு பிரிவுக்குப் போகிற கடிதம்.

“உங்கள் கிரிம்லிக்குக் கிடைத்துவிட்டது, நேதன். நான் சொன்னேனல்லவா.”

ஒற்றைத்தாள். ஏழாம் அத்தியாயத்தின் கீழ் செய்யப்பட்ட விசேட விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டிருந்தது. மனைவியுடன் ஒரே இல்லத்தில் வாழ்வதற்காக வில்பிரட் கிரிம்லிக்கு மிசிசாகாவில் ஒரு கட்டில் ஒதுக்கப்படுகிறது. எதிர்பாராத விதமாக அங்கே ஓர் இடம் வெறுமையாகியிருப்பதால் இது சாத்தியமாயிற்று. இரண்டாம் மாடி, நடைகூடத்தின் கடைசி அறை. உடனே ஏற்றுக்கொள்ளாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். கீழே, குழுவின் சார்பில், கார்மைக்கலின் கையெழுத்து. மையினால் இட்டிருந்தார்.

தாளின் மேல்மூலையில் எங்கள் பிரிவின் முத்திரை, ஈரம் காயாமல்: 1996 மார்ச் 4.